மசேனோ பக்கத்துப் பள்ளியில் நான் பார்த்த அறிவியல் ஆசிரியர்கள்

இங்கே நண்பர்கள் எழுதிய ஆசிரியர் அனுபவங்களை எல்லாம் படித்துவிட்டு எனக்கும் எழுதத் தோன்றியது. நான் ஆசிரியன் இல்லை. சோலார் பம்பு பொருத்தும் வேலைக்காக மேற்குக் கென்யாவில் கிசுமு நகரில் சில வருடங்கள் இருந்தேன். கிசுமுவிலிருந்து புசியா போகும் சாலையில் மசேனோ என்ற ஊர் வரும். பூமத்திய ரேகை அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. அங்கிருந்து மண்சாலையில் உள்ளே போனால் ஒரு மேல்நிலைப் பள்ளி. விடுதி கிடையாது, பிள்ளைகள் நடந்துதான் வருவார்கள். அந்தப் பள்ளியின் ஆழ்துளைக் கிணற்று வேலைக்காகப் போனவன், வேலை முடிந்த பிறகும் போய்க்கொண்டே இருந்தேன். காரணம் அங்கிருந்த அறிவியல் ஆசிரியர்கள்.

கென்யாவில் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவரும் பெரும்பாலும் இரண்டு பாடம் எடுப்பார்கள். இங்கே ஒரு மேடம் வேதியியலும் உயிரியலும் எடுப்பார். நடுத்தர வயதுள்ள ஒருவர் கணக்கும் இயற்பியலும். இன்னொருவர் இளைஞர், அரசு நியமனம் கிடைக்காமல் பள்ளி நிர்வாகக் குழுவே வேலைக்கு வைத்திருந்தவர். ஆண் பெண் வித்தியாசமில்லாமல் ஊர்க்காரர்கள் அவர்களை 'முவாலிமு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்வாஹிலி மொழியில் ஆசிரியர் என்று பொருள்.

நான்காம் படிவம், அதாவது மேல்நிலைப் பள்ளியின் கடைசி வருட முடிவில் எழுதும் பொதுத்தேர்வில் அறிவியல் பாடங்களுக்குச் செய்முறைத் தேர்வு உண்டு. எந்த ரசாயனங்களை, எந்தக் கருவிகளைத் தயார் செய்து வைக்க வேண்டும் என்று தேர்வுக்கு முன்னால் பள்ளிக்கு ஒரு ரகசியப் பட்டியல் வரும். 'கான்ஃபிடென்ஷியல்' என்றே சொல்வார்கள். ஆய்வகம் நன்றாக உள்ள பள்ளிகளுக்கு அது சாதாரண விஷயம். இங்கே மேடம்தான் மட்டாட்டு வேனில் கிசுமு போய், கிடைத்ததை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு வருவார்.

அதற்காகச் செய்முறையைத் தேர்வு மாதத்துக்கு மட்டும் ஒதுக்கி வைப்பவர் இல்லை அவர். அமில கார நிறங்காட்டிக்குச் செம்பருத்திப் பூவை வேகவைத்த சாறு. எலுமிச்சை பிழிந்தால் அது இளஞ்சிவப்பாகும், அடுப்புச் சாம்பல் கரைத்த நீரை ஊற்றினால் பச்சையாகும். மின்னாற்பகுப்புக்கு, தீர்ந்துபோன டார்ச் பேட்டரியை உடைத்து எடுத்த கார்பன் குச்சிகள். பியூரெட் என்கிற, திரவத்தை அளந்து விடும் குழாய் போதாத இடத்தில் மருந்துக்கடை சிரிஞ்சு. சூடாக்குவதற்கு ஜிகோ என்கிற கரி அடுப்பு. 'இதெல்லாம் உங்கள் யோசனையா?' என்று கேட்டேன். சிலது தன்னுடையது, சிலது பயிற்சியில் கற்றது என்றார். ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவும் கென்யக் கல்வித் துறையும் சேர்ந்து 1998-ல் கணித அறிவியல் ஆசிரியர்களுக்கென ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கின. பாடம் செயல்வழியாக இருக்க வேண்டும், மாணவரை மையமாகக் கொள்ள வேண்டும், சோதனை இருக்க வேண்டும், கருவி இல்லையென்றால் கையில் கிடைப்பதை வைத்துச் செய்ய வேண்டும். இந்த நான்கும்தான் அதன் அடிப்படை. பயிற்சிக்குப் போய்வந்து சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு மறந்தவர்களும் உண்டு. மேடம் அதை ஒவ்வொரு வாரமும் செய்தார்.

இனி இயற்பியல் முவாலிமு. அப்போது கென்யாவில் இரண்டாம் படிவம் முடிந்ததும் இயற்பியலை விட்டுவிடலாம், மற்ற இரண்டு அறிவியல் பாடங்களை வைத்தே தேர்வு எழுதலாம். பலர் விட்டுவிடுவார்கள், பெண் பிள்ளைகள் அதிகமாக விடுவார்கள். அந்தச் சமயத்தில் இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார். 'உங்கள் மகளுக்கு இது வரும், விடச் சொல்லாதீர்கள்' என்று தகப்பனிடமும் பாட்டியிடமும் உட்கார்ந்து பேசுவார். ஒரு முறை நானும் கூடப் போனேன். டீ குடித்துவிட்டு, விஷயத்துக்கு வரவே ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

ஒரு மார்ச் மாதம், பகலும் இரவும் சமமாக வரும் நாளில் அவர் நடத்திய பாடத்தை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மைதானத்தில் ஒரு கம்பியைத் தூக்குநூல் பிடித்துச் செங்குத்தாக நட்டார். நிழலின் நுனியைச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை பிள்ளைகள் கூழாங்கல் வைத்துக் குறித்தார்கள். பூமத்திய ரேகையில் அந்த நாளில் நிழல் நுனி வளையாது, மேற்கிலிருந்து கிழக்காக நேர்கோட்டில் நகரும். நடுவில் ஒரு கணம் நிழலே இருக்காது. நம் சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் நிழலில்லா நாள் பார்க்கிறோமே, அதேதான்.

பன்னிரண்டு மணிக்கு நிழல் மறையும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். மறையவில்லை. பன்னிரண்டரை ஆனது, அப்போதும் மேற்கே கொஞ்சம் நிழல் இருந்தது. ஏறக்குறைய 12.50-க்குத்தான் கம்பியின் அடியில் போய் ஒடுங்கியது. ஏன் என்று அவர் சொல்லவில்லை. 'நாளைக்குச் சொல்லுங்கள்' என்று அனுப்பிவிட்டார். மறுநாள் மூன்றாம் படிவத்துப் பெண் ஒருத்தி நிலப்படப் புத்தகத்தோடு வந்தாள். கென்யக் கடிகாரம் 45 டிகிரி தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது, நாம் இருப்பது ஏறக்குறைய 34.6 டிகிரியில், டிகிரிக்கு 4 நிமிடம் என்றால் 42 நிமிடம் தாமதம் என்று கரும்பலகையில் போட்டுக் காட்டினாள். மிச்சம் ஏழெட்டு நிமிடம்? அதற்குத்தான் பூமியின் சுற்றுப்பாதை வட்டம் இல்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது என்ற பாடத்தை அவர் ஆரம்பித்தார். அதைவிட நல்ல இயற்பியல் வகுப்பை நான் பார்த்ததில்லை.

அவர் ஒவ்வொரு புது வகுப்புக்கும் எம்பெம்பா கதையைச் சொல்வாராம். 1963-ல் தாங்கனிகாவின் (இன்றைய டான்சானியா) மகம்பா பள்ளியில் எராஸ்டோ எம்பெம்பா என்ற மாணவர், சூடான பாலை அப்படியே உறைபெட்டியில் வைத்தபோது அது ஆறிய பாலைவிடச் சீக்கிரம் ஐஸ்கிரீமாக உறைந்ததைக் கவனித்தார். ஆசிரியர் நம்பவில்லை. பிறகு படித்த பள்ளிக்கு தாருஸ்ஸலாமிலிருந்து டெனிஸ் ஆஸ்போர்ன் என்ற பேராசிரியர் வந்தபோது அவரிடமும் கேட்டார். அவர் சோதித்துப் பார்த்தார், 1969-ல் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. அந்த விளைவு உண்மையா என்ற விவாதம் இன்னும் நடக்கிறது. 'அந்த முதல் ஆசிரியராக நான் ஆகிவிடக் கூடாது' என்பார் முவாலிமு.

2019-ல் நகுரு பக்கத்து கெரிகோ பள்ளியின் கணித, இயற்பியல் ஆசிரியர் பீட்டர் டபிச்சிக்கு உலக ஆசிரியர் பரிசு கிடைத்தது. பத்து லட்சம் டாலர். மாதச் சம்பளத்தில் 80 சதவீதத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவந்தவர் அவர். செய்தி வந்த நாளில் ஆசிரியர் அறையில் ஒரே சந்தோஷம். நிர்வாகக் குழு வேலைக்கு வைத்திருந்த அந்த இளைஞர் மட்டும் மெதுவாகச் சொன்னார்: 'எனக்கு இரண்டு மாதமாகச் சம்பளமே வரவில்லை.' அப்புறம் மணி அடித்ததும் வகுப்புக்குப் போனார். அரசு அப்போது ஒரு மாணவருக்கு வருடத்துக்கு 22,244 ஷில்லிங் என்று பள்ளிக்கு ஒதுக்கியது, அது தவணையாக வரும்போது இவர் முறை கடைசியில்தான் வரும். இவர்களைத் தியாகிகள் என்று புகழ்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. சம்பளம் நேரத்துக்கு வர வேண்டியவர்கள் இவர்கள்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் வேலை பார்ப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், பக்கத்துப் பள்ளிக்கு உதவ நினைக்கும்போது கம்ப்யூட்டர் வாங்குமுன் அறிவியல் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். என்னிடம் அவர்கள் கேட்டது அம்மீட்டர், நிக்ரோம் கம்பி, பியூரெட், பூட்டு போட ஒரு அலமாரி. எல்லாமே கிசுமுவிலேயே கிடைத்தன.