அவசரம்: கரும் எலுமிச்சைப் பச்சை பட்டனில் எழுத்து தெரியவில்லை

கம்பம்மெட்டு_ஜீப்
வணக்கம். ஏலத்தோட்டத்து ஆள் கணக்குக்கு ஓர் ஆப் செய்து கொடுத்திருக்கிறேன். ஏலக்காய் நிறம் வேண்டும் என்று முதலாளி சொன்னதால் பட்டன் எல்லாம் கரும் எலுமிச்சைப் பச்சை. என் லேப்டாப்பில் அருமையாக இருக்கிறது. கங்காணிகள் மட்டும் ‘ஒன்னும் தெரியல’ என்று திட்டுகிறார்கள். திங்கட்கிழமை சம்பளக் கணக்கு. சீக்கிரம் சொல்லுங்கள்.

குமுளி_மழை
நிறத்தின் எண், அதாவது கணினியில் அதைக் குறிக்கும் ஆறு இலக்கக் குறியீடு, என்ன? எழுத்து வெள்ளையா, கருப்பா? தெரியாதது வெயிலிலா, விடியற்காலை இருட்டிலா? எதையுமே சொல்லவில்லையே.

திரைவைத்தியர்
எண்ணெல்லாம் வேண்டாம். போனில் கண் பாதுகாப்பு மோடு ஓடிக்கொண்டிருக்கும். திரையே மஞ்சளடித்த பிறகு பச்சை எப்படிப் பச்சையாகத் தெரியும்? அதை அணைக்கச் சொல்லுங்கள்.

பழைய_பிக்சல்
முதலில் ‘கரும் எலுமிச்சைப் பச்சை’ என்று சிஎஸ்எஸ்ஸில், அதாவது திரையின் தோற்றத்தை எழுதும் மொழியில், ஒரு நிறமே கிடையாது. அங்கே ‘லைம்’ என்றால் சிவப்பு 0, பச்சை 255, நீலம் 0; கண்ணைக் குத்தும் முழுப் பச்சை. ‘லைம்கிரீன்’ என்பது 50, 205, 50. ‘டார்க்லைம்’ என்று நீங்களாகப் பெயர் வைத்தால் பிரவுசர் அந்த வரியைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். எண்ணைச் சொல்லாமல் நிறத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே எனக்கு வயதாகிவிட்டது. அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள் தம்பி.

கொழிஞ்சாம்பாறை_அக்கா
திங்கட்கிழமைக்குள் அவர் எதைப் படிப்பார், விடுங்கள் சார். அது கிடக்கட்டும், எங்கள் ஊர் ஜவுளிக்கடையில் இதற்குக் கிளிப்பச்சை என்றுதான் பெயர்.

பழைய_பிக்சல்
கிளிப்பச்சை இதைவிட வெளிர். அக்கா சொல்வது பாசிப்பச்சையாக இருக்கும்.

கொழிஞ்சாம்பாறை_அக்கா
இருபது வருடமாகப் புடவை விற்கிறேன். பாசிப்பச்சை எது என்று எனக்குத் தெரியாதா?

கம்பம்மெட்டு_ஜீப்
மன்னிக்கவும், தோட்டத்தில் சிக்னல் இல்லை. எண் 669900. வெள்ளை எழுத்து, அளவு 14 பிக்சல், மெலிந்த எழுத்துரு. பிரச்சினை மதியம்தான், ஜீப்புக்குக் காத்திருக்கும் இடத்தில் நல்ல வெயில். ஆனால் நிறத்தைச் சாயல், செறிவு, வெளிச்சம் என்று பிரிக்கும் எச்எஸ்எல் முறையில் இதன் வெளிச்சம் 30 சதவீதம்தானே? அதற்கு மேல் எவ்வளவு கருப்பாக்குவது?

வண்டிப்பெரியார்_வண்ணம்
அந்த 30-தான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. எச்எஸ்எல் கணக்குக்கு எல்லா நிறமும் ஒன்று, கண்ணுக்கு அப்படி இல்லை. கான்ட்ராஸ்ட் என்பது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம்; அதன் சூத்திரத்தில் பச்சையின் பங்கு 0.7152, சிவப்பு 0.2126, நீலம் வெறும் 0.0722. அதே 30 சதவீதத்தில் 000099 என்று ஒரு நீலம் போட்டு வெள்ளையில் எழுதினால் கான்ட்ராஸ்ட் 14-க்கு மேல் வரும். உங்கள் 669900-க்கு 3.4தான். எல்லோரும் படிக்கும்படி திரையை அமைக்கச் சொல்லும் டபிள்யூசிஏஜி வழிகாட்டி சாதாரண எழுத்துக்குக் கேட்பது 4.5. பெரிய எழுத்துக்கு 3 போதும், ஆனால் உங்களுடையது பெரிதும் இல்லை, தடிமனும் இல்லை. லேப்டாப்பில் நிழலில் உட்கார்ந்து பார்த்தால் 3.4 போதும் போலத்தான் தோன்றும். வெயில் திரையில் பட்டுத் திரும்பும்போது எழுத்தும் பட்டனும் சேர்ந்தே வெளுக்கும், இருந்த வித்தியாசமும் போய்விடும்.

இரண்டு வழி. பட்டனை 447700 ஆக்குங்கள், வெள்ளை எழுத்துக்கு 5.4 கிடைக்கும்; அப்போதும் பச்சையில் மஞ்சள் வாடை இருக்கும். இல்லையென்றால் 669900-ஐ வைத்துக்கொண்டு எழுத்தைக் கருப்பாக்குங்கள், 6.1 வரும். எனக்கு முதலாவதுதான் பிடிக்கும். எதுவானாலும் எழுத்தைத் தடிமனாக்குங்கள். ‘ஞ’, ‘ணை’ எல்லாம் மெலிந்த எழுத்துருவில் 14 பிக்சலில் வெறும் கொசகொசப்பு.

பிற்பாடு டார்க் மோடு வைத்தால் இதே 447700-ல் எழுத்து எழுதாதீர்கள். கருப்பு மேல் 3.9தான்.

திரைவைத்தியர்
கண் பாதுகாப்பு மோடையும் ஒரு தடவை பார்த்துவிடலாமே.

ஸ்டோர்_தாத்தா
ஏலக்காய் என்றதும் வந்தேன். காயை வெயிலில் காயப்போட்டால் பச்சை வெளுத்துவிடும், அதனால்தான் ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் கூடத்தில், சூடு கொடுத்து உலர்த்துகிறோம். போடியிலும் புத்தடியிலும் ஏலத்தில் நிறம் போன காய்க்கு யார் நல்ல விலை வைப்பார்கள்? உங்கள் பட்டனும் அந்த ஜாதிதான் போல.

ஒன்று கேட்கிறேன் தம்பி. திட்டுவது எல்லாக் கங்காணிகளுமா, ஓரிருவர் மட்டுமா?

கம்பம்மெட்டு_ஜீப்
வெயிலில் எல்லோரும். ஒருவர் மட்டும் நிழலிலும் தப்பாகப் பார்க்கிறார். வந்தவருக்குப் பச்சைப் புள்ளி, வராதவருக்குச் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன். அவர் மாற்றி மாற்றிப் படிக்கிறார். கவனக்குறைவு என்று நினைத்தேன்.

ஸ்டோர்_தாத்தா
மிளகுக் கொடியில் பழுத்த சிவப்பு மணி அவர் கண்ணில் படுகிறதா என்று கேளுங்கள்.

வண்டிப்பெரியார்_வண்ணம்
தாத்தா சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். அது சிவப்பு-பச்சை நிறக்குறையாக இருக்கலாம். பெண்களைவிட ஆண்களுக்குத்தான் அதிகம் வரும், பலருக்குத் தனக்கு இருப்பதே தெரியாது. மஞ்சள் கலந்த பச்சையும் சிவப்பும் அவர்களுக்கு ஒரே பழுப்பாகத் தெரியும். வெறும் புள்ளியை நம்பாதீர்கள். ‘வந்தார்’, ‘இல்லை’ என்று வார்த்தையே எழுதுங்கள், கூடவே டிக்கும் பெருக்கல் குறியும். இன்னொன்று, பட்டனும் பச்சை, வந்தவர் புள்ளியும் பச்சை என்றால் எதை அமுக்குவது, எதைப் பார்ப்பது? பச்சையைப் பட்டனுக்கு மட்டும் விடுங்கள்.

பழைய_பிக்சல்
இதையெல்லாம் நான் எத்தனையோ தடவை எழுதியாயிற்று. தேடிப் பார்க்க ஆளில்லை.

குமுளி_மழை
எழுதினீர்கள் அண்ணே. ‘அடிப்படையைப் படி’ என்று எழுதினீர்கள்.

கொழிஞ்சாம்பாறை_அக்கா
669900-ஐ இப்போதுதான் திரையில் போட்டுப் பார்த்தேன். கிளிப்பச்சைதான். கொஞ்சம் அழுக்கான கிளி.

கம்பம்மெட்டு_ஜீப்
447700, தடித்த எழுத்து, புள்ளிக்குப் பதில் வார்த்தை. இன்று மதியம் யாரும் திட்டவில்லை. மிளகு விஷயம் கேட்டேன் தாத்தா. பழுத்ததை வீட்டில் அவர் மனைவிதான் காட்டிக் கொடுப்பாராம். ஆனால் முதலாளி ‘காய் கருத்துப்போச்சே’ என்கிறார்.

வண்டிப்பெரியார்_வண்ணம்
லோகோவுக்கும் மேல் பட்டைக்கும் பழைய 669900-ஐ விடுங்கள். அதன் மேல் எழுத்து மட்டும் வேண்டாம். சம்பளக் கணக்கு முடிந்ததும் வந்து சொல்லுங்கள்.

குமுளி_மழை
பத்து நாளாயிற்று. ஆள் வரவில்லை. சம்பளம் போட்டாயிற்றா?