தங்க எழுத்துக்கு ஓரம் போட்டால் உள்ளே கோடு தெரிகிறது (கிம்ப் 2.10)

தங்கை கல்யாணத்துக்கு 8க்கு 4 அடி ஃப்ளெக்ஸ். விண்டோஸ் 10, கிம்ப் 2.10 (படம் திருத்தும் மென்பொருள்). ‘திருமண நல்வாழ்த்துகள்’ என்ற வரிக்குத் தங்க கிரேடியன்ட் (நிறச் சாய்வு) அருமையாக வந்துவிட்டது. எழுத்தைப் பாத்தாக (path, வெளிக்கோட்டு வடிவம்) மாற்றி மெரூன் ஸ்ட்ரோக் (ஓரக்கோடு) கொடுத்தால்தான் வம்பு. ‘தி’யில் மேல்விலங்கு வந்து சேரும் இடத்தில், தங்கத்துக்கு நடுவே மெரூன் கோடு குறுக்கே ஓடுகிறது. தூரத்திலிருந்தே தெரியும், ஃப்ளெக்ஸ் ஆயிற்றே!

எழுத்துருவை மாற்றினேன், வேறு எழுத்தில் அதே கோடு. எழுத்தின் வடிவத்தை மட்டும் தேர்ந்தெடுக்கும் ஆல்ஃபா டு செலக்‌ஷன் எடுத்து, குரோ செய்து (அதாவது தேர்வை விரித்து), கீழ் லேயரில் நிறம் நிரப்பினேன். கோடு போனது, ஆனால் கூர்மையான மூலைகள் எல்லாம் மழுங்கிவிட்டன. அப்புறம் செலக்‌ஷனைத் திரும்பப் பாத்தாக்கிப் பார்த்தேன், வளைவுகள் நெளிகின்றன. வெள்ளிக்கிழமை ஃபைல் அச்சுக்குப் போக வேண்டும்.

ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பாத்துகளை, மூலை மழுங்காமல் ஒரே வெளிக்கோடாக்க கிம்ப்பிலேயே வழி உண்டா, இல்லை இங்க்ஸ்கேப் என்ற வெக்டர் வரைகலை மென்பொருளுக்குத்தான் போக வேண்டுமா?