பதில்: புலி தனிமையிலா இருக்கிறது?

அன்புள்ள குழுவினருக்கு,

தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டு அறிவியல் பயிற்றி (பயிற்சி நூல்) புதன்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் பூனைக் குடும்பத்துக்கு இரண்டு பக்கம். தனியாக வாழும் விலங்கை, கூட்டமாக வாழும் விலங்கைத் தமிழில் எந்தச் சொல்லால் குறிப்பது என்பதுதான் நம் மடல்களில் ஓடும் கேள்வி. புலிப் படத்தின் கீழே “தனிமை விலங்கு” என்று போட்டுக் கோலாலம்பூர்ச் செந்தூலில் ஒரு வகுப்பில் படியெடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். முன்வரிசைப் பையன் படத்தைத் தடவிக்கொண்டே, “பாவம் சார், அதுக்கு யாரும் இல்லையா?” என்றான். அன்றைக்கே அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். பாவப்பட வேறு காரணம் உண்டு: மலேசியத் தீபகற்பக் காடுகளில் மிஞ்சியிருக்கும் புலிகள் 150க்கும் குறைவு. அது வேட்டைக் கண்ணியாலும் காடழிப்பாலும் வந்தது, தனித்து வாழ்வதால் அல்ல. தனித்து வாழ்வதை மலாய் மொழியில் ‘மெஞெண்டிரி’ என்கிறார்கள். ‘செண்டிரி’ என்றால் தான், தானே. தானாக ஒதுங்கி இருப்பது அதில் தெரிகிறது.

ஐயா, புலியை ‘ஒருத்தல்’ எனலாம் என்று ‘ஒரு’ என்ற வேரிலிருந்து நீங்கள் போன வழி படிக்க அருமை. ஆனால் தொல்காப்பிய மரபியலில் அது ஆண்பாற் பெயர். குட்டிகளை ஏறத்தாழ இரண்டு ஆண்டு கூடவே வைத்து வேட்டை பழக்கும் தாய்ப்புலியை அப்புறம் என்னவென்று எழுதுவது? தனிமையைக் குறிக்கும் ‘தமி’யும் வேண்டாம், தமியள் என்றதும் சங்கப் பாட்டில் பிரிவில் வாடும் தலைவிதான் வந்து நிற்கிறாள். புலி அப்படி அறுந்து கிடப்பதில்லை. ஓர் ஆணின் எல்லைக்குள் பல பெண்புலிகளின் எல்லைகள் அடங்கியிருக்கும். மரத்தில் நகக்கீறல், புதரில் சிறுநீர் வாடை என்று ஒன்றுக்கொன்று சேதி வைத்துவிட்டுத்தான் நகர்கின்றன.

பினாங்கு அக்கா தந்த ‘தனித்துறை விலங்கு’ (தனித்து உறையும், அதாவது வாழும் விலங்கு) இலக்கணப்படி சரி. பிள்ளைகள் அதைத் தனி, துறை என்று பிரிக்கிறார்கள். அதற்கு எதிரான ‘கூட்டுறை’ என்றால் கடித உறை ஞாபகம் வருகிறதாம்.

என் வாக்கு தனிவாழி, கூடிவாழி. ‘வாழி’ வாழ்த்தாயிற்றே என்ற மறுப்பைப் படித்தேன். இலங்கைப் பாடநூலில் தவளையை ஈரூடகவாழி என்றே எழுதுகிறார்கள். நம் பிள்ளைகள் அதைக் கேட்டதில்லை என்பதும் உண்மைதான். ஒருமுறை சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். உறவுக்காரப் பெண்சிங்கங்கள் ஒன்றன் குட்டிக்கு மற்றொன்று பால் கொடுக்கும். அதைக் கூடிவாழி என்று விளக்க எவ்வளவு நேரம் ஆகும்?

சிவிங்கிப்புலியில்தான் சிக்கல். (சிறுத்தை வேறு, சீட்டா எனும் சிவிங்கி வேறு என்று மறுபடி தொடங்க வேண்டாம்.) வளர்ந்த பெண் தனியாகத் திரியும், அல்லது குட்டிகளோடு. ஆண்களோ பெரும்பாலும் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும். அதைக் ‘கூட்டணி’ என்று ஒருவர் எழுதப் போய், நேற்று அரை நாள் மடல்கள் அரசியலுக்கே போய்விட்டன. ‘வாழி’யில் ஆண்பால், பெண்பால் கிடையாது. பெண் சிவிங்கி தனிவாழி, ஆண் சிவிங்கி கூடிவாழி என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்.

பெரும்பான்மை ‘தனித்து வாழும் விலங்கு’ பக்கம். சரி, அதையே அனுப்புகிறேன். சிவிங்கியின் படத்துக்கு மட்டும் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. செவ்வாய் இரவு வரை மடல் பார்ப்பேன்.