காபூலி புலாவ் குழைந்துவிடுகிறது

துபாயில் பக்கத்து அறை ஆப்கன்காரர் இந்த ஆப்கன் கறிச்சோற்றைத் தருவார். ஊருக்கு வந்து இரண்டு தடவை செய்துவிட்டேன். வடசேரி சந்தைக் கேரட், ஆட்டுக்கறி எல்லாம் சரி. சோறு மட்டும் கஞ்சிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அம்மா, "துவையல் அரைக்கட்டா மக்களே?" என்கிறாள். எங்கே தப்பு?

தக்கலை அக்கா: சாதா பாசுமதியா தம்பி? செல்லா அரிசி வாங்குங்கள், அது புழுங்கல் பாசுமதி. 2 மணி நேரம் ஊறவைத்து, முக்கால் வேக்காட்டில் வடித்து, கறி வெந்த சாறு கொஞ்சம் ஊற்றி தம் போடுங்கள். மஞ்சள் வேண்டாம். வெங்காயம் நன்றாகச் சிவந்தால் அந்த நிறம் வந்துவிடும்.

குளச்சல்காரன்: கேரட்டைத் தீக்குச்சிபோல நறுக்கி, சர்க்கரை, உலர்திராட்சையோடு வதக்கி மேலே தூவணும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். நான் ஊற்றினேன், அவியல் மணம்!

நானும் அதைத்தான் ஊற்றினேன். சரி, ஞாயிற்றுக்கிழமை செல்லாவோடு வருகிறேன்.