லிஃப்டில் ஏற்றத் தடை: வயதான நாய்க்கு என்ன வழி?

சென்னை வேளச்சேரி, நான்காவது மாடி, ஒரே லிஃப்ட். கடந்த மாதப் பொதுக்குழுவில், வளர்ப்பு நாய்களை லிஃப்டில் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம் என்று குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்டுவிட்டது.

எங்கள் மணிக்கு 11 வயது. நாட்டு நாய், 18 கிலோ. பின்னங்கால்களில் மூட்டுத் தேய்மானம். எப்படியோ இறங்கிவிடுகிறான், ஏறும்போது இரண்டாவது மாடியிலேயே உட்கார்ந்துவிடுகிறான். மூன்று வாரமாக நானும் மகளும் மாறி மாறித் தூக்குகிறோம்.

மாநகராட்சி உரிமம், மைக்ரோசிப், வெறிநோய்த் தடுப்பூசி எல்லாம் இருக்கின்றன. கழிவை நானே அள்ளுகிறேன். யாரையும் கடித்ததில்லை. ஆனாலும் மூன்றாவது மாடிக் குழந்தைக்கு நாயென்றால் நடுக்கம். அந்தப் பயம் நியாயமானது. அதனால் காலை 6 மணிக்கு முன்பும் இரவு 10 மணிக்குப் பின்பும் மட்டும், வாய்க்கூடு போட்டு, லிஃப்ட் காலியாக இருக்கும்போது ஏற்றுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். மறுத்துவிட்டார்கள். கால்நடை மருத்துவரின் சான்றையும், லிஃப்டை மறுக்கக் கூடாது என்னும் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதலையும் கொடுத்தேன். "அது சட்டமில்லை" என்கிறார் செயலாளர்.

சங்கம் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானது. மாவட்டப் பதிவாளரிடம் மனுக் கொடுத்து இப்படியொரு தீர்மானத்தை நீக்க வைத்தவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா?