வெறுப்புக் குற்றத்துக்குக் கூடுதல் தண்டனை: சமமான பாதுகாப்புக்கு முரணானதா?

கேள்வி (மறுகரை):

அமெரிக்காவின் வெறுப்புக் குற்றச் சட்டங்களைப் படிக்கையில் ஒரு முடிச்சு மட்டும் அவிழவே இல்லை. ஒரே இரவில் இருவர் ஒரே விதமாக அடிபட்டு எலும்பு முறிந்து கிடக்கிறார்கள். ஒருவரைப் பணத்துக்காகவும் மற்றவரை அவருடைய இனத்துக்காகவும் அடித்திருந்தால், இரண்டாமவரை அடித்தவருக்கு மட்டும் தண்டனை கூடுகிறது. வலி இருவருக்கும் ஒன்றுதானே? எவருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுக்கக் கூடாது என்று 1868இல் ஏற்கப்பட்ட அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தம் மாநிலங்களுக்கு ஆணையிட்டிருக்கும்போது, சிறுபான்மையினர் பட்ட காயத்துக்கு ஒரு மதிப்பு, மற்றவர் காயத்துக்கு வேறு மதிப்பு என்ற நிலை எப்படி ஏற்கத்தக்கதாகும்?

வழக்கேடு:

உங்கள் கடைசி வரி சட்டத்தின் வாசகத்தோடு பொருந்தவில்லை. இனம், மதம் என்று பொதுவாகச் சொல்லும் இச்சட்டங்கள், எந்த இனம், எந்த மதம் என்று பிரிப்பதில்லை. இவற்றுக்கு அடித்தளமாகக் காட்டப்படும் விஸ்கான்சின் எதிர் மிட்செல் வழக்கிலேயே பாதிக்கப்பட்டவன் 14 வயது வெள்ளையினச் சிறுவன். 1989இல் கெனோஷா நகரில் கறுப்பின இளைஞர் கும்பலொன்று அவனை இனத்தின் பொருட்டே தாக்கியது. நான்கு நாள் அவன் நினைவின்றிக் கிடந்தான். அதிகபட்சம் 2 ஆண்டு சிறை விதிக்கத்தக்க அந்தக் குற்றத்துக்கு, வெறுப்பு நோக்கம் மெய்ப்பிக்கப்பட்டதால் உச்ச வரம்பு 7 ஆண்டானது. கும்பலைத் தூண்டியவருக்கு 4 ஆண்டு கிடைத்தது. 1993இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை உறுதி செய்தது. அங்கே முதன்மையாக வாதிடப்பட்டது பேச்சுரிமைதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் இத்தகைய குற்றம் பழிவாங்கலைத் தூண்டும், சமூகத்தில் கொந்தளிப்பை உண்டாக்கும் என்று தீர்ப்பு காட்டிய காரணங்கள், வலி ஒன்றுதானே என்ற உங்கள் கேள்விக்கும் ஓரளவு விடையாகின்றன.

ஐயவாதி:

வாசகம் பொதுவானது என்பதை ஏற்கிறேன். பட்டியலில் எவர் இடம்பெறுகிறார் என்பது மட்டும் சட்டமன்றத்தின் கணக்கைப் பொறுத்தது. புளோரிடா 2010இல் வீடற்றவர்களைச் சேர்த்தது. லூசியானா 2016இல் காவலர்களையே சேர்த்தது. ஒரு தொழிலை இனத்தோடும் மதத்தோடும் ஒரே வரிசையில் வைத்த பிறகு, பட்டியலுக்கு வெளியே நிற்பவர் தமக்கு ஏன் இடமில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? இன்னொன்று: 1998இல் டெக்சாஸின் ஜாஸ்பரில் ஒரு கறுப்பின மனிதரை வண்டியில் கட்டி இழுத்துக் கொன்ற மூவரில் இருவருக்கு மரண தண்டனையும் ஒருவருக்கு ஆயுள் தண்டனையும் விதிக்கப்பட்டன. அதற்கு மேல் எதைக் கூட்ட முடியும்?

பழையபக்கம்:

'பாதுகாப்பு' என்ற சொல் அந்தத் திருத்தத்துக்குள் எதற்காக வந்தது என்பதை இதுவரை யாரும் தொடவில்லை. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் தாக்கப்பட்டபோது தென் மாநிலங்களின் காவலும் நீதிமன்றங்களும் கைகட்டி நின்றன என்பதே அதன் பின்னணிகளுள் ஒன்று. அதாவது பாதிக்கப்பட்டவரை அரசு காக்கத் தவறுவதுதான் அங்கே சமமின்மையாகக் கருதப்பட்டது. 1873இல் லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பின மக்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். கூட்டாட்சி வழக்கில் கிடைத்த சில தண்டனைகளையும் 1876இல் உச்ச நீதிமன்றம், அத்திருத்தம் மாநிலங்களையே கட்டுப்படுத்தும், தனிமனிதரை அல்ல என்று கூறி நீக்கியது. மாநிலமும் தண்டிக்கவில்லை, மைய அரசும் தண்டிக்க இயலவில்லை. ஆகவே ஜாஸ்பரில் உள்ளூர் நீதிமன்றமே கடமையைச் செய்தது என்பது, எங்கும் எப்போதும் அப்படி நடக்கும் என்பதற்கு உறுதியாகாது.

மறுகரை:

அப்படியானால் மைய அரசின் 2009ஆம் ஆண்டு வெறுப்புக் குற்றச் சட்டம் அந்த இடைவெளியை அடைக்கத்தான் வந்ததா? நோக்கத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருக்கு?

வழக்கேடு:

பெரும்பாலும் ஆம். 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவர் வாக்களித்தல், பள்ளி செல்லுதல் போன்ற குறிப்பிட்ட செயல்களில் ஈடுபட்டதன் பொருட்டுத் தாக்கப்பட்டிருந்தால்தான் மைய அரசு தலையிட முடிந்தது. 2009இன் ஷெப்பர்ட்–பேர்ட் சட்டம் அந்த நிபந்தனையைக் கைவிட்டது. பாலினம், பாலின அடையாளம், பாலீர்ப்பு, மாற்றுத்திறன் ஆகியவற்றையும் சேர்த்தது. இனவெறுப்புத் தாக்குதலுக்கு அது அடிப்படையாகக் கொண்டது, அடிமைமுறையை ஒழித்த பதின்மூன்றாம் திருத்தத்தை. அந்தத் திருத்தம் தனிமனிதரையும் கட்டுப்படுத்தும் என்பதால் 1876இன் தடை இங்கே குறுக்கே வரவில்லை. மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்கே உரியது. நியூஜெர்சியில் 10 ஆண்டு வரம்புள்ள குற்றத்துக்கு, நோக்கத்தை நீதிபதி தாமே முடிவு செய்து 12 ஆண்டு விதித்த அப்ரெண்டி வழக்கில், வரம்பை மீறத் தண்டனையை உயர்த்தும் எந்த உண்மையையும், முந்தைய தண்டனை நீங்கலாக, ஜூரி ஐயத்துக்கிடமின்றி ஏற்றாக வேண்டும் என்று 2000இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. அதனால், வசைச்சொல் ஒன்று காதில் விழுந்தது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு வழக்குத் தொடர அரசு வழக்கறிஞர்கள் தயங்குகிறார்கள்.