அப்பத்தா கட்டிக் காட்டிய பின்கொசுவம்

காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த 2019-ஆம் ஆண்டில்தான் நானும் முதன்முறையாக அந்தச் சேலையை வாங்கினேன். ஆனால் அதைக் கட்டும் முறையை ஈராண்டு கழித்து, ஊர்க் கோவில் விழாவுக்குப் போயிருந்தபோது, எங்கள் அப்பத்தாவிடம்தான் கற்றுக்கொண்டேன். அதுவரை மற்றச் சேலைகளைப் போலவே உள்பாவாடை அணிந்து, கொசுவத்தை முன்புறம் வைத்தே கட்டிவந்தேன். கனத்த பருத்தித் துணி என்பதால் கொசுவம் வயிற்றருகே புடைத்து நிற்கும். கண்டாங்கிக்கே அழகு சேர்க்கும் அந்த அகலக் கரை மடிப்புகளுக்குள் மறைந்துபோகும். குறை சேலையில்தான் என்று நினைத்திருந்தேன்.

அப்பத்தா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பின்னாடி வைக்கிற கொசுவத்தை முன்னாடி வச்சா எப்படி ஆத்தா படியும்? அவுத்துட்டு வா" என்றார்.

சேலையின் உள்முனையிலிருந்து விரல்களால் அளந்து அளந்து மடித்த கொசுவத்தை இடுப்பின் பின்புறம் வைத்து, அதன் மேல்விளிம்பு விசிறிபோல வெளியே விரியும்படி விட்டு, மீதித் துணியை அதன்மேல் இறுக்கிச் சுற்றி, முந்தியைத் தோளில் போட்டு, நுனியைப் பின்னாலிருந்து கொண்டுவந்து இடுப்பில் செருகினார். ஊக்கு ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. முன்புறம் கட்டங்கள் ஒரே பரப்பாகப் படிந்தன. கணுக்காலுக்குச் சற்று மேலே நின்ற சேலையில் அரக்குக் கரை காலைச் சுற்றி முழுதாகத் தெரிந்தது. இந்தத் துணியை இந்தக் கட்டுக்காகவே நெய்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

முற்றத்தில் நடந்து பார்க்கச் சொன்னார். கால்களைத் தடுக்க முன்னால் மடிப்பு ஏதும் இல்லாததால் குனிவதும், உட்கார்ந்து எழுவதும், படியேறுவதும் அவ்வளவு எளிதாக இருந்தன. வயலிலும் வீட்டிலும் நாள் முழுக்க உழைத்த பெண்கள் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் பின்கொசுவத்தையே கட்டியதன் காரணத்தை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. தம் சிறுவயதில் பெரியவர்கள் ரவிக்கையின்றியே இச்சேலையை உடுத்தியதாகவும், உடலை மறைக்க முந்தி ஒன்றே போதுமானதாக இருந்ததாகவும் அப்பத்தா சொன்னார்.

இன்று கடைகளில் பொம்மைகளுக்குக்கூடக் கண்டாங்கியை முன்கொசுவம் வைத்தே கட்டியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நெசவுக்குக் கிடைத்த மதிப்பு கட்டுக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

விழா முடியும்வரை மூன்று நாளும் காலையில் நானே கட்டிப் பழகினேன். முதல் நாள் வாசலைத் தாண்டுவதற்குள் கொசுவம் நழுவிவிட்டது. மூன்றாம் நாள் அப்பத்தா என்னைச் சுற்றி வந்து பார்த்து, முந்தியின் நுனியை மட்டும் இன்னும் சற்று இறுக்கிச் செருகிவிட்டார்.